ஒரு சொல்லுக்கு நான் கொடுத்த இரண்டு மாத வாடகை

தம்பி, அக்டோபரில் மேற்படிப்புக்காக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குச் செல்லவிருக்கும் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள்: அங்கே நல்ல அரிசி கிடைக்குமா, குளிருக்கு எந்தக் கோட்டு வாங்குவது, வாடகை ஒப்பந்தத்தில் வரும் ‘குருண்ட்ஸெட்ஸ்லிஷ்’ என்ற ஜெர்மன் சொல்லுக்கு அகராதி தரும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன? அரிசி கிடைக்கும். கோட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் கேள்வி, விடுமுறைக்கு மந்தைவெளி வீட்டுக்கு வந்திருக்கும் எனக்கு அது பழைய கணக்கொன்றை நினைவூட்டிவிட்டது.

‘குருண்ட்’ என்றால் அடித்தளம். ‘ஸாட்ஸ்’ என்றால் வாக்கியம். இரண்டும் சேர்ந்தால் கொள்கை. பேச்சில் ஒருவர் ‘இஷ் எஸ்ஸே குருண்ட்ஸெட்ஸ்லிஷ் கைன் ஃப்ளைஷ்’, அதாவது ‘நான் கொள்கையாகவே இறைச்சி உண்பதில்லை’ என்றால், துண்டுகளை ஒதுக்கிவிட்டு வெறும் குழம்பை ஊற்றினாலும் அவர் தொடமாட்டார். அதே சொல் சட்டத்திலோ ஒப்பந்தத்திலோ வந்தால் பொருள் ஏறக்குறையத் தலைகீழ்: பொதுவிதி இதுதான், ஆனால் விலக்கு உண்டு. அந்த விலக்கு பல நேரங்களில் அடுத்த வரியிலேயே ‘எஸ் ஸை டென்’, அதாவது ‘இன்னது இருந்தாலொழிய’, என்று தொடங்கும். நம் சென்னை வீட்டுக்காரர் ‘பேச்சிலர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை’ என்று இழுக்கும்போது கதவு முழுவதும் சாத்தப்படவில்லை என்பது நமக்குப் புரிகிறதல்லவா? ஒப்பந்தத்தில் அந்த இழுப்பு காதில் விழாது என்பதுதான் தொல்லை.

2007-இல் தங்கையின் திருமணத்துக்காக இரண்டு மாதம் சென்னை வந்தபோது, என் ஒப்பந்தத்தில் ‘உள்வாடகைக்கு விடுவது குருண்ட்ஸெட்ஸ்லிஷ் அனுமதிக்கப்படாது’ என்று இருந்ததைப் படித்துவிட்டு, வாயைத் திறக்காமல் பூட்டிய அறைக்கு மாதம் 280 யூரோ கட்டினேன். எதிர் அறையிலிருந்த யாழ்ப்பாணத்து நண்பர், அதே ஒப்பந்தம், அதே வரி, உரிமையாளரான மூதாட்டிக்கு அரைப்பக்கக் கடிதம் எழுதி, அனுமதி பெற்று, தன் அறையை மூன்று மாதம் ஒரு மாணவருக்குக் கொடுத்துவிட்டு ஊர் போய்வந்தார். நான் பிறகு குறைப்பட்டுக்கொண்டபோது அந்த அம்மையார் வியப்போடு சொன்னது, ‘நீங்கள் கேட்கவே இல்லையே.’

‘ஆங்கிலமே போதும், பதினைந்து ஆண்டுகளாகச் சமாளிக்கிறேன்’ என்று பெருமையடிக்கும் நம்மவர்கள் அங்கே நிறைய உண்டு. வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் இன்னொருவரிடம் நீட்டுவதைத்தான் அவர்கள் சமாளிப்பு என்கிறார்கள். நான் இன்றும் எந்தக் கடிதத்தையும் பென்சிலோடுதான் படிக்கிறேன். இந்தச் சொல் வந்தால் வட்டமிட்டு விலக்கைத் தேடுவேன். வராத இடத்தில் தேடுவதில்லை. குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்யவேண்டும் என்ற விதியில் இந்தச் சொல் கிடையாது. அங்கே சலுகையை எதிர்பார்க்காமல், சாவி கையில் கிடைத்த அன்றே பதிவுக்கு நேரம் வாங்கிவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் இச்சொல் இரண்டு இடத்தில் வருகிறது. செல்லப்பிராணி பற்றியது உங்களுக்குத் தேவைப்படாது. சுவரில் ஆணி அடிப்பது பற்றியதற்கு, உங்கள் அம்மா கொடுத்தனுப்பும் சாமி படத்தை மாட்டுவதற்கு முன்பே, எழுத்தில் கேட்டுவிடுங்கள்.