டோக்கியோ முதல் ஹகாட்டா வரை: எந்த ஊரில் எந்த ராமென்?

கேள்வி: ஏப்ரலில் நானும் மனைவியும் ஒன்பது நாள் பயணமாக ஜப்பான் போகிறோம். டோக்கியோ, கியோட்டோ, கடைசியாக ஃபுகுவோகா. ஊருக்கு ஒரு வகை ராமென் (சூப்பில் போட்ட நூடுல்ஸ்) சாப்பிட்டுப் பார்க்க ஆசை. நான் எல்லாம் சாப்பிடுவேன். மனைவிக்குக் கோழியும் மீனும் மட்டும்தான். எதை எங்கே சாப்பிடுவது?

பதில்: முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஷோயு, ஷியோ, மிசோ, டோன்கொட்சு என்று நான்கு பெயர்களும் மெனுவில் ஒரே வரிசையில் நிற்கும். முதல் மூன்றும் கிண்ணத்தின் அடியில் ஊற்றும் 'தாரே' என்ற உப்புச் சாற்றைக் குறிப்பவை: சோயா சாஸ், உப்பு, புளிக்கவைத்த சோயா விழுது. டோன்கொட்சு மட்டும் சூப்பின் பெயர். பன்றி எலும்பு என்பதே அதன் பொருள். மற்ற மூன்றிலும் சூப் எதில் காய்ச்சியது என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. மிசோ ராமென் சைவம் மாதிரித் தோன்றும், ஆனால் அதிலும் பன்றி எலும்பு வெந்திருப்பது சகஜம்.

ஆகவே உங்கள் மனைவி "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மேலே வைக்கும் 'சாஷு' என்ற இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு அதே சூப்பைக் கொடுப்பார்கள். "சூப்பு நி புதா வா ஹைத்தே இமாசு கா?" (சூப்பில் பன்றி இருக்கிறதா?) என்று கேளுங்கள். இதை ஜப்பானிய எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு காட்டுவது இன்னும் நல்லது.

டோக்கியோவில் ஷோயுவிலிருந்து தொடங்குங்கள். 1910-ல் அசாகுசாவில் திறந்த ராய்ராய்கென் கடை, யோகொஹாமாவிலிருந்து வந்த சீனச் சமையல்காரர்களை வைத்து இந்த வகையைப் பிரபலமாக்கியது. தெளிந்த சூப், அடக்கமான சுவை. கனமானதை முதலில் சாப்பிட்டுவிட்டால் இதன் நுட்பம் நாக்குக்குத் தெரியாது. டோக்கியோ ஸ்டேஷனில், டிக்கெட் கதவுக்கு உள்ளே, 'டீஸ் டான்டான்' என்ற முழுச் சைவ ராமென் கடை இருக்கிறது. அங்கே மட்டும் உங்கள் மனைவி எதையும் விசாரிக்காமல் உட்காரலாம்.

மிசோ ராமெனின் ஊர் சப்போரோ. அது உங்கள் வழியில் இல்லை, வருத்தப்பட வேண்டாம். கியோட்டோ போகும் நாளில் ஷின்யோகொஹாமாவில் இறங்குங்கள். 1994-ல் திறந்த ராமென் அருங்காட்சியகம் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். உள்ளே பல ஊர்க் கடைகள், சின்ன அளவுக் கிண்ணமும் கிடைக்கும். ஒரே வேளையில் இரண்டு மூன்று வகை பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அங்கே வரை சாதாரண ரயிலில் போய், ஷின்கன்சென் (புல்லட் ரயில்) டிக்கெட்டை ஷின்யோகொஹாமாவிலிருந்து எடுங்கள்.

கியோட்டோ என்றால் மெல்லிய, நாசூக்கான சாப்பாடு என்று நினைப்போம். ராமெனில் அந்த ஊர் நேர் எதிர். கோழியைக் கரையக் கரையக் காய்ச்சிய கெட்டிச் சூப்புக்குப் பேர் போனது. 'தோரி பைதான்' என்று கேளுங்கள். உங்கள் மனைவிக்கு ஏற்றது இதுதான். சாஷு பன்றியாக இருக்கலாம், சில கடைகளில் சூப்பிலும் பன்றி எலும்பு சேரும். இங்கேயும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஃபுகுவோகா. அதன் ஹகாட்டா பகுதியின் பெயரில் வழங்கும் டோன்கொட்சுவைக் கடைசிக்கு வைத்தது நல்லதாயிற்று. பால்போல் வெளுத்த சூப், ஊசிபோல் நூடுல்ஸ். கடை வாசலிலேயே வரும் வாடையைக் கண்டு திரும்பிவிடாதீர்கள், கிண்ணத்தில் அவ்வளவு இருக்காது. நூடுல்ஸ் எவ்வளவு விறைப்பாக வேண்டும் என்று கேட்பார்கள்: 'கதா' என்றால் விறைப்பு, 'பரிகதா' என்றால் இன்னும் விறைப்பு. முதல் தடவைக்குக் 'கதா' போதும். மெல்லிய நூடுல்ஸ் சூப்பில் சீக்கிரம் குழைந்துவிடும், அதனால்தான் கிண்ணத்தில் குறைவாகப் போடுகிறார்கள். தீர்ந்ததும் 'கயேதாமா' என்று சொன்னால் இன்னொரு பிடி வரும். அதற்குள் சூப்பைக் குடித்துத் தீர்த்துவிட்டால் நூடுல்ஸ் வெறுமனே நிற்கும். காரக் கடுகுக்கீரை ஊறுகாயை அந்த இரண்டாம் சுற்றில் போட்டுக்கொள்ளுங்கள். முதலிலேயே போட்டால் சூப்பின் ருசி அதில் அமுங்கிவிடும்.

பல கடைகளில் வாசலில் டிக்கெட் இயந்திரம் இருக்கும். 1,000 யென் நோட்டுகளை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எதை அழுத்துவது என்று புரியாவிட்டால் இடது மேல் மூலைப் பொத்தானை அழுத்துங்கள், பெரும்பாலும் கடையின் சிறப்பு அதுதான். ஒரு கிண்ணம் வாங்கி இருவர் பகிர்வதைக் கடைக்காரர்கள் விரும்புவதில்லை. சூப்பை மிச்சம் வைத்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், உப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

ஹகாட்டாவில் உங்கள் மனைவிக்கு உடோன் இருக்கிறது: மிருதுவான நூடுல்ஸ், மீன் சாறு. இருவரும் சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் இரவில் நகாசு அல்லது தென்ஜின் பக்கம் 'யதாய்' தள்ளுவண்டிக் கடைக்குப் போங்கள். நீங்கள் ராமெனும் அவர் யாகிடோரியும் (குச்சியில் சுட்ட கோழி) சாப்பிடலாம். ஆனால் யாகிடோரி என்றாலே கோழி என்று நம்பிவிடக் கூடாது. அந்த ஊரில் பன்றி வயிற்றுத் துண்டும் அதே குச்சி வரிசையில் வரும், "தோரி" என்று சொல்லியே வாங்குங்கள்.