பெரிய சிலிண்டர் போட்ட பழைய விஜய் சூப்பர்: சூடானதும் பிஸ்டன் பிடிப்பது ஏன்?

கேள்வி: எங்கள் ஐயா வாங்கிய 1978ஆம் ஆண்டு விஜய் சூப்பர் ஸ்கூட்டர் தேவகோட்டை வீட்டில் இருக்கிறது. இழுவை போதவில்லை என்று, ஒரு தரகர் கொண்டுவந்த 186 சிசி சிலிண்டர் செட்டைச் சில மாதங்களுக்கு முன் மாட்டினோம். காலையில் ஒரே உதையில் கிளம்புகிறது. காரைக்குடிச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் இழுவை குறைகிறது. ரேஸை விட்டாலும் எஞ்சின் வேகம் இறங்குவதில்லை. ஒருமுறை பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்து வண்டி நின்றுவிட்டது. ஆறிய பிறகு கிளம்பியது. ப்ளக் வெள்ளையாக இருக்கிறது. 'சிலிண்டர் பீஸ் சரியில்லை, வேறு போடலாம்' என்கிறார் மெக்கானிக். தரகரோ முழு எஞ்சினையும் மாற்றித் தருவதாகவும், ஆர்.சி.யில் 'வின்டேஜ்' என்று பதிந்து வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: இன்னொரு சிலிண்டருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களில் எதுவும் சிலிண்டர் கெட்டது என்று சொல்லவில்லை. ரேஸை விட்டும் வேகம் இறங்காததும் ப்ளக் வெளுத்திருப்பதும் சேர்ந்து வந்தால், எஞ்சின் எங்கோ ஓரிடத்தில் திருட்டுத்தனமாகக் காற்று இழுக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மெக்கானிக்குகள் இதை 'ஏர் எடுக்குது' என்பார்கள். உங்கள் மெக்கானிக்குக்கும் அந்தச் சொல் தெரியும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும், சிலிண்டர் மாற்ற இரண்டு மணி நேரம் போதும், கூலியும் கூடுதல்.

இந்த எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் ஆயிலும் கலந்த கலவை முதலில் கிராங்க் இருக்கும் அறைக்குள் போய், அங்கிருந்துதான் பிஸ்டனின் மேல்பக்கத்துக்கு ஏறுகிறது. அந்த அறைக்குள் கார்புரேட்டர் வழியாக அல்லாமல் வேறு வழியில் காற்று புகுந்தால், பெட்ரோல் விகிதம் குறைந்து கலவை நீர்த்துப்போகும். எரிப்பு அளவுக்கு மீறிச் சூடாகும். அதோடு, இந்த வகை எஞ்சினில் பிஸ்டனுக்கு ஆயில் கிடைப்பதே பெட்ரோலோடு சேர்ந்துதான் என்பதால், பெட்ரோல் குறையும் இடத்தில் வழுவழுப்பும் குறைகிறது. ஐயா காலத்து 57 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் இந்தக் குறையை ஓரளவு தாங்கியிருக்கும். இப்போது உங்கள் வண்டியில் இருப்பது 64 மில்லிமீட்டர் பிஸ்டன். 148 சிசி எஞ்சின் 186 சிசி ஆகியிருக்கிறது. கூடுகிற சூட்டை வெளியேற்றும் காற்றாடியோ அதே பழைய காற்றாடி. முன்பு கண்ணில் படாத சிறு கசிவு இப்போது பிஸ்டனைப் பிடிக்க வைக்கிறது.

காற்று புகக்கூடிய இடங்கள் நான்கு: சிலிண்டரின் அடி கேஸ்கட், கார்புரேட்டரைத் தாங்கும் இன்லெட் குழாயின் முகப்பு, மேக்னெட் பக்கத்து ஆயில் சீல், கிளட்ச் பக்கத்து ஆயில் சீல். கடைசியாகச் சொன்ன சீல் போயிருந்தால் கியர் ஆயிலும் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும். புகையைப் பற்றி நீங்கள் எழுதாததால் மற்ற மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்கிறேன். இன்லெட் குழாயின் முகப்பு வளைந்திருந்தால் எத்தனை கேஸ்கட் அடுக்கினாலும் பயனில்லை. கண்ணாடித் தட்டின் மேல் உப்புத்தாளை விரித்து அந்த முகப்பைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும்.

இதை ஊகமாக விடாமல் அளந்து பார்க்க மலிவான வழி இருக்கிறது. இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவி ஒன்று, கடிகார முள் வைத்த வகை, கிடைத்தால் போதும். சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் தாளும் தகடும் வைத்து அடையுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி இன்லெட் வாயில் ஒரு ரப்பர் அடைப்பானைச் செருகி, அதன் நடுவே கருவியின் குழாயை விடுங்கள். ப்ளக் அதன் இடத்தில் இறுக்கமாக இருக்கட்டும். பந்தை அழுத்தி முள்ளை 250 வரை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். முள் அசையாமல் நின்றால் கசிவு இல்லை. இறங்கினால், சோப்பு நுரையை மூட்டுகளில் தடவுங்கள். குமிழி விடும் இடமே குற்றவாளி. மேக்னெட் பக்கத்து சீலைப் பார்க்க ஃப்ளைவீலைக் கழற்றத்தான் வேண்டும். கருவியின் பந்துக்குப் பதிலாக கம்ப்ரசர் காற்றைக் கொடுக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். நல்ல சீலும் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

கசிவு இல்லை என்று உறுதியான பிறகே பெட்ரோல் பக்கம் போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பிறகு இழுவை குறைகிறது என்பது, கார்புரேட்டர் கிண்ணம் செலவாகும் வேகத்தில் நிரம்பாததன் அடையாளமாகவும் இருக்கலாம். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்குக் கால் லிட்டராவது விழ வேண்டும். விழவில்லை என்றால் டேங்க் மூடியைத் திறந்து மறுபடி பாருங்கள். மூடியைத் திறந்ததும் ஓட்டம் கூடினால், மூடியில் உள்ள நுண்துளையைச் செம்மண் தூசி அடைத்திருக்கிறது. ஏர் ஃபில்டரைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இப்படிப் பெரிய சிலிண்டர் செட் மாட்டும்போது 'இதெல்லாம் மூச்சைத் தடுக்கும்' என்று அதைக் கழற்றி வீசும் பழக்கம் நம் பக்கத்துப் பட்டறைகளில் பரவலாக உண்டு. அதனால் கலவை மேலும் நீர்த்துப்போவதோடு, கண்டனூர், புதுவயல் பக்கத்துச் செம்மண் நேராக ரிங்குகளுக்குப் போகிறது. கழற்றியிருந்தால் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையிட்ட திருகை, மாற்றாமல் சிலிண்டரை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் கோளாறில் பாதிதான். பெரிய எண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகக் குறைத்து வர வேண்டுமே தவிர, சிறிய எண்ணிலிருந்து ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. பெரிய ஜெட் அதிகபட்சம் புகையும் முக்கலும் தரும், சிறிய ஜெட் பிஸ்டனைத் தின்னும். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ஜெட்டில் ஓடும்போது கலவையைத் தானாகவே சற்று நீர்க்கச் செய்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். 2023 ஏப்ரலுக்கு முன் செய்த வண்டிகள் இந்த எரிபொருளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்று தெரிந்தே, வேறு எதையும் விற்காத பங்குகளுக்கு நம்மை அனுப்பியிருக்கிறார்கள். ரப்பர் குழாய் ஊறிப்போவதும் கிண்ணத்தில் தண்ணீர் சேர்வதும் உங்கள் செலவு. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். கசிவும் ஜெட்டும் சரியாகும்வரை டூ டி ஆயிலை லிட்டருக்கு 50 மில்லி விடுங்கள்.

டைமிங் பற்றி மெக்கானிக்கிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பழைய டைமிங்கிலேயே விட்டிருக்கிறாரா? பழைய அமைப்பில் பிஸ்டன் மேல்முனைக்கு வருவதற்குச் சுமார் 23 டிகிரி முன்னதாகப் பொறி விழும். இந்த அளவு பெரிய சிலிண்டருக்கு அதை 18, 19 டிகிரிக்குப் பின்தள்ளுவது வழக்கம். பின்தள்ளாவிட்டால் சூடு ஏறும். பாயிண்ட் இடைவெளியை விசிட்டிங் கார்டு வைத்துப் பார்ப்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். டிகிரித் தட்டு வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால், ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றச் சொல்லி, பிடித்த பிஸ்டனை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். சிராய்ப்பு எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் இருந்தால், அது நீர்த்த கலவையால் அல்லது சூட்டால் வந்தது. நான்கு மூலைகளிலும் ஒரே மாதிரி இருந்தால், போர் அடிக்கும்போது, அதாவது சிலிண்டரின் உள்சுவரைக் கடையும்போது, பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி போதாமல் விட்டிருக்கிறார்கள். அப்போது மட்டும் லேத் பட்டறையின் மேல் குறை சொல்லலாம். இன்லெட் பக்கம் இருந்தால் ஆயில் போதவில்லை. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் வாயைப் பார்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றிய பாகத்தைக் காட்ட மறுத்து 'அதெல்லாம் உங்களுக்குப் புரியாது' என்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வண்டியை அங்கே விடாதீர்கள். இரும்புச் சிலிண்டர் என்றால், சுவரில் ஒட்டிய அலுமினியத்தை நீக்கி, சுவரை மெல்லத் தேய்த்து ஹோனிங் செய்து, அளவு தாண்டாதவரை அதையே திரும்பப் பயன்படுத்தலாம்.

இனி தரகர். விஜய் சூப்பரைச் செய்த லக்னோ தொழிற்சாலை இருசக்கர வண்டி செய்வதை 1997இலேயே நிறுத்திவிட்டது. பளபளக்கும் புதுப் பெட்டியில் 'கம்பெனி ஒரிஜினல்' என்று எவர் நீட்டினாலும், பெட்டி எந்த ஆண்டில் அச்சானது என்று கேளுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் தேக்குத் தூணைத் தட்டிப் பார்த்தே வயது சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெயின்ட் அடித்து மூடிய எஞ்சினுக்கு அப்படித் தட்டிப் பார்க்க வழியில்லை. முழு எஞ்சின் என்றால் எண் வேறு, அந்த எண்ணுக்கு உரியவர் வேறு. அது திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால், காவல் நிலையத்தில் நிற்கப் போவது தரகர் அல்ல.

'வின்டேஜ்' பேச்சு சுத்தப் பொய் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2021இல் வந்த மத்திய விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கே அந்தப் பதிவு. உங்கள் வண்டி 1978ஆம் ஆண்டு வண்டி என்பதால் 2028க்கு முன் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 50 ஆண்டு ஆனாலும், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 186 சிசி சிலிண்டர் உள்ளே இருக்கும் வண்டி அந்த வாசலிலேயே நின்றுவிடும். எல்லாம் பொருந்தினாலும் கட்டணம் 20,000 ரூபாய். 'விஏ' என்ற எழுத்தோடு புது எண் வரும். அதன் பிறகு அன்றாடம் காரைக்குடிக்குப் போய்வர அதைச் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் அந்தப் பதிவு. தரகர் விற்பது நீங்கள் பயன்படுத்தவே முடியாத ஒரு சலுகையை.

சாதாரணப் பதிவிலும் நிலைமை வசதியாக இல்லை. ஆர்.சி.யில் எழுதிய விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. சிசி அதில் எழுதியிருக்கும் விவரங்களில் ஒன்று. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்த 57 மில்லிமீட்டர் போரை ஓவர்சைஸ் அடிப்பது பழுதுபார்ப்பு; 64க்குப் போவது மாற்றம். ஆர்.டி.ஓ. அலுவலகக் கவுன்டரில் கேட்டால் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் 'ஏஜென்டைப் பாருங்கள்' என்பார்கள். அந்த ஏஜென்ட்தான் உங்கள் தரகரின் கூட்டாளி. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதைக் காட்டியே இழப்பீட்டை மறுக்கப் பார்க்கும்.

ஆகவே சரிசெய்து வீட்டு வளாகத்துக்குள் ஓட்டிப் பார்க்கும் ஆசைக்கு இந்த 186 இருக்கட்டும். சாலைக்கு ஐயாவின் 57 மில்லிமீட்டர் சிலிண்டரே பொருத்தம். அதைக் கழற்றியவர் இன்னும் உங்களிடம் தரவில்லை என்றால் இன்றே போய்க் கேட்டு வாங்குங்கள். அப்படிப் பட்டறையில் விட்டுவைத்த பழைய சிலிண்டர்கள்தான் போர் அடிக்கப்பட்டு அடுத்தவருக்கு 'ஒரிஜினல்' என்று விற்கப்படுகின்றன. வாங்கியதும் ஆயில் தடவிப் பாலித்தீனில் கட்டி, பிஸ்டனோடும் ஹெட்டோடும் சேர்த்து வையுங்கள்.