நடுக்கோட்டை விட அடிவிளிம்பு முக்கியம்

கேள்வி: கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம் செய்கிறேன். ஐந்து வருடத்தில் மகளின் கல்லூரிச் செலவுக்கு 7.5 லட்சம் வேண்டும். கையில் 5 லட்சம் இருக்கிறது. ஏஜென்ட் இரண்டு ஈக்விட்டி (பங்குச்சந்தை) ஃபண்டுகளின் ஐந்தாண்டு ரோலிங் ரிட்டர்னை, அதாவது வெவ்வேறு நாளில் தொடங்கி ஐந்து வருடம் வைத்திருந்தால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கிடைத்தது என்பதை, பாக்ஸ் பிளாட்டாக (பெட்டி, கோடு, புள்ளியாக வரைந்த படம்) காட்டினார். முதல் ஃபண்டின் பெட்டி 10 முதல் 14 சதவீதம் வரை, நடுக்கோடு 12. கீழே 3 சதவீதத்தில் ஒரு புள்ளி. இரண்டாவதன் பெட்டி 6 முதல் 19 வரை, நடுக்கோடு 14. பெட்டிக்குக் கீழே நீளும் கோடான கீழ்வால் மைனஸ் 2 வரை இறங்குகிறது, புள்ளி இல்லை. இரண்டாவதுதானே நல்லது?

பதில்: மகள் படிப்புக்கு என்றால் இரண்டாவது வேண்டாம்.

நடுக்கோடு சராசரி அல்ல, மீடியன். கடந்தகால ஐந்தாண்டு ரிட்டர்ன்களை வரிசையாக அடுக்கினால் நட்டநடுவில் நிற்பது. பாதி அதற்குக் கீழேதான். பெட்டியின் அடிவிளிம்பு முதல் கால்மானம், நாலில் ஒரு பங்கு அதற்கும் கீழே. பெட்டி நீளமாக இருப்பதால் அதற்குள் நிறைய இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எந்தப் பெட்டிக்குள்ளும் பாதிதான். நீளம் சிதறலைத்தான் காட்டுகிறது.

ரூபாயில் பார்ப்போம். 5 லட்சம் ஆண்டுக்கு 10 சதவீதத்தில் ஐந்து வருடத்தில் 8.05 லட்சம். இன்றைய விதிப்படி நீண்டகால ஆதாய வரி சுமார் 23 ஆயிரம் போனாலும் ஃபீஸுக்குப் போதும். 6 சதவீதத்தில் 6.69 லட்சம்தான். முதல் ஃபண்டில் நாலில் மூன்று தடவை உங்கள் தேவை நிறைவேறியிருக்கிறது. இரண்டாவதில் நாலில் ஒரு தடவை 80 ஆயிரத்துக்கு மேல் துண்டு விழுந்திருக்கிறது.

அந்தப் புள்ளி உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது, நியாயம்தான். புள்ளியியலாளர் ஜான் டூக்கி வகுத்த வழக்கப்படி, பெட்டியின் விளிம்பிலிருந்து பெட்டி நீளத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டி விலகியதுதான் புள்ளியாகும். முதல் பெட்டியின் நீளம் 4. அதன் ஒன்றரை மடங்கு 6. எனவே அடிவிளிம்பான 10-லிருந்து 6 இறங்கி, 4 சதவீதத்துக்குக் கீழே போனாலே புள்ளி. இரண்டாவதன் நீளம் 13. அங்கே மைனஸ் 13.5 வரை புள்ளியே விழாது. 3 சதவீதம் லாபம் புள்ளியாகத் தெரிகிறது, 2 சதவீத நஷ்டம் வாலுக்குள் மறைந்துவிடுகிறது!

படம் சொல்வது நடந்து முடிந்ததை மட்டுமே. அதனால் நாலாவது வருடத்திலிருந்து பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வங்கி டெபாசிட்டுக்கு மாற்றுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்துக்கு வீட்டுச் செலவைச் சேமிப்புக் கணக்கில் தனியாக வையுங்கள். சந்தை விழுந்த நேரத்தில் அரிசிக்காக இந்த ஃபண்டை விற்கும்படி ஆகக் கூடாது.