ஈமெயில் பெட்டி சின்னதுதான், கேள்விகள்தான் நிறைய

இந்த முறை தலைப்பு, இணையப் படிவங்களில் ஈமெயில் கேட்கும் பெட்டி. கண் தெரியாதவர், கை நடுங்குபவர், முதல் தடவையாக ஸ்மார்ட்போன் பிடிப்பவர் என்று யார் வந்தாலும் நிரப்பிவிட்டுப் போகும்படி அதை எப்படி அமைப்பது? ஹட்டனில் உட்கார்ந்து படிவம் கட்டிப் பிழைப்பவன் என்பதால் என்னிடம் விட்டிருக்கிறார்கள். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர், கீழே என் பதில். முதலிலேயே ஒன்று: பிளேஸ்ஹோல்டரை, அதாவது பெட்டிக்குள்ளே மங்கலாகத் தெரியும் குறிப்பை, லேபிளாக, பெட்டியின் பெயராகப் போடாதீர்கள். சொன்னாலும் திரும்பத் திரும்ப இதையே கேட்பீர்கள் என்று தெரியும்.

பதுளை, ஐ.டி. மாணவி: அண்ணா, அடிப்படையில் இருந்து சொல்லுங்கள். நல்ல ஈமெயில் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும்?

நல்ல கேள்வி, தங்கச்சி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெட்டிக்கு மேலே, கண்ணில் படும்படி, லேபிள். பக்கத்தில் வேண்டாம். ‘மின்னஞ்சல் முகவரி’ என்று தமிழில் எழுதினால் ஆங்கிலத்தை விட இடம் பிடிக்கும். சின்ன ஃபோனில் பக்கவாட்டில் போட்டால் பாதி வெட்டுப்படும். எச்.டி.எம்.எல். கோடில் லேபிளின் ‘ஃபோர்’, பெட்டியின் ‘ஐடி’ இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் பெயரைச் சொல்லும். லேபிள் எழுத்தைத் தட்டினாலே கர்சர் பெட்டிக்குள் போகும். கை நடுங்குபவருக்கு அது பெரிய உதவி.

அடுத்தது, கோடில் பெட்டியின் வகையைச் சொல்லும் டைப், ‘ஈமெயில்’ என்று இருக்க வேண்டும். இதைப் போட்டால் ஃபோன் கீபோர்டில் @ குறி முன்னாலேயே வரும், முதல் எழுத்து தானாகப் பெரிய எழுத்தாகாது. கீபோர்ட் பரிந்துரையைத் தட்டும்போது கடைசியில் ஒட்டிக்கொள்ளும் இடைவெளியையும் பிரவுசரே வெட்டிவிடும். ‘டெக்ஸ்ட்’ என்று போட்டுவிட்டு, கண்ணுக்கே தெரியாத அந்த இடைவெளிக்காக ‘முகவரி தவறு’ என்று ஆளைத் திட்டும் படிவங்கள் எத்தனையோ.

பிரவுசரே நிரப்பிக் கொடுக்க உதவும் ஆட்டோகம்ப்ளீட் ‘ஈமெயில்’ என்று இருக்கட்டும். எல்லோரும் பாவிக்கும்படி இணையப் பக்கம் கட்டுவதற்கான வழிகாட்டி, 2018இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1இன் 1.3.5ஆம் விதி கேட்பது இதைத்தான். எழுத்துக்கூட்ட சிரமப்படுபவர் ஒரு தட்டில் முடித்துவிடலாம்.

இனி பிழைச் செய்தி. பெரும்பாலான படிவங்கள் விழுவது இங்கேதான். பெட்டியைச் சிவப்பாக்கினால் மட்டும் போதாது, நிறம் தெரியாதவர் இருக்கிறார். செய்தியைப் பெட்டிக்குப் பக்கத்தில் எழுத்தில் போட்டு, ஏரியா (ARIA) என்ற, ஸ்கிரீன் ரீடருக்கான கோட் குறிப்புகளில் ஒன்றான ஏரியா-டிஸ்கிரைப்ட்பை மூலம் பெட்டியோடு கட்டுங்கள். ‘இது பிழை’ என்று குறிக்கும் ஏரியா-இன்வாலிட் ‘ட்ரூ’ ஆவது பிழை வந்த பிறகுதான். ஆள் இன்னும் தொடவே இல்லை, அதற்குள் ‘இன்வாலிட் என்ட்ரி’ என்று என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் சொன்னால் எப்படி இருக்கும்? ‘சரியான மின்னஞ்சலை உள்ளிடவும்’ என்பது செய்தியே அல்ல. ‘முகவரியில் @ குறி இல்லை’, ‘@ குறிக்குப் பிறகு ஒன்றும் இல்லை’ என்று எழுதுங்கள். ஜிமெயில் டொட் கொம் என்பதற்குப் பதில் ‘கொன்’ என்று அடித்திருந்தால் ‘கொம் என்று இருக்க வேண்டுமா?’ என்று கேட்கலாம். கேட்டுவிட்டு விலகுங்கள், மறிக்காதீர்கள்.

பிழை வந்தால் பிரவுசர் தானாகக் காட்டும் குமிழ்ச் செய்தியை நம்பவேண்டாம். அது பக்கத்தின் மொழியைப் பார்க்காது, பிரவுசரின் மொழியில்தான் பேசும். தமிழ்ப் படிவத்தில் திடீரென்று ஆங்கிலத்தில் ஒன்று எட்டிப் பார்த்து, படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். ‘நோவாலிடேட்’ போட்டு பிரவுசரின் சோதனையை நிறுத்திவிட்டு, செய்தியை நீங்களே தமிழில் எழுதுங்கள்.

கண்டி: என்விடிஏ பிளேஸ்ஹோல்டரையும் படிக்கிறதே? நானே கேட்டேன். பிறகு என்ன பிரச்சினை?

படிக்கும், உண்மைதான். வேறு பெயர் எதுவும் கிடைக்காவிட்டால் கடைசிப் புகலிடமாக பிளேஸ்ஹோல்டரை எடுத்துக்கொள்ளலாம் என்று விதியே இருக்கிறது. ஆனால் படிவம் நிரப்புகிறவர் எல்லோரும் என்விடிஏ வைத்திருப்பதில்லை. முதல் எழுத்தை அடித்ததும் பிளேஸ்ஹோல்டர் காணாமல் போகும். நடுவில் ஃபோன் வந்து, பேசிவிட்டுத் திரும்பினால் எந்தப் பெட்டியில் எதை அடித்துக்கொண்டிருந்தோம் என்று தெரியாது. அதோடு வெளிறிய சாம்பல் எழுத்து. பின்புலத்தோடு 4.5க்கு 1 ஒளி வேறுபாடு வேண்டும், படிவம் கட்டுபவர்களில் பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. கருமையாக்கினாலோ, ஏற்கனவே நிரப்பியாகிவிட்டது என்று நினைத்து ஆள் தாண்டிப் போய்விடுவார்.

நுவரெலியா: ஈமெயிலைச் சோதிக்க நல்ல ரெஜெக்ஸ் ஒன்று தாருங்கள் சேர்.

ரெஜெக்ஸ் என்றால் எழுத்துகள் எந்த வடிவில் வரவேண்டும் என்று சோதிக்கும் சூத்திரம். தரமாட்டேன். எச்.டி.எம்.எல். நியமமே, ஈமெயில் சோதனையில் மெயில் முகவரியின் வடிவத்தைச் சொல்லும் ஆர்.எஃப்.சி. 5322 நியமத்தை வேண்டுமென்றே மீறுகிறோம் என்று எழுதி வைத்திருக்கிறது. அவ்வளவு சிக்கலான விவகாரம். இணையத்தில் கிடைக்கும் ரெஜெக்ஸ்களில் பல, கூட்டல் குறி உள்ள முகவரியைத் துரத்திவிடும். டொட்டுக்குப் பின்னால் நான்கு எழுத்துக்கு மேல் வந்தால் கோபித்துக்கொள்ளும். @ இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், போதும். டைப் ‘ஈமெயில்’ டொட் இல்லாத முகவரியையும் விட்டுவிடும் என்பதால் டொட்டையும் பார்க்கலாம். மற்றபடி முகவரி உண்மையா என்று தெரிய ஒரே வழி, ஒரு மெயில் அனுப்பிப் பார்ப்பது.

பேராதனை: தமிழிலேயே ஈமெயில் முகவரி இருந்தால் இந்தப் பெட்டி ஏற்குமா?

டொமைன், அதாவது @ குறிக்குப் பின்னால் வரும் பக்கம் சரி. ‘.இலங்கை’ என்று நமக்கே ஒன்று இருக்கிறது, பிரவுசர் அதை உள்ளே வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். @ குறிக்கு முன்னால் தமிழ் எழுத்து வந்தால்தான் சிக்கல். அதற்கு வழி விடும் மெயில் பக்கத்து நியமமான ஆர்.எஃப்.சி. 6531, 2012இலேயே வந்துவிட்டது. ஜிமெயில் 2014இல் இருந்து அப்படிப்பட்ட முகவரிகளோடு பேசுகிறது. டைப் ‘ஈமெயில்’ விதியோ அந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளைத்தான் எதிர்பார்க்கிறது. உங்கள் படிவத்துக்கு அப்படி ஆட்கள் வருவார்கள் என்றால் டைப் ‘டெக்ஸ்ட்’, ஃபோன் கீபோர்டை மட்டும் மாற்றும் இன்புட்மோட் ‘ஈமெயில்’ என்று போட்டு, சுற்றி வரும் இடைவெளியை நீங்களே வெட்டுங்கள்.

பண்டாரவளை: பிளேஸ்ஹோல்டர் மட்டும் இருந்தால் டிசைன் கிளீனாக இருக்குமே?

கண்டிக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

தலவாக்கலை, கொமியூனிகேஷன் கடை: ஆட்டோகம்ப்ளீட் போடச் சொல்கிறீர்கள். என் கடை கொம்பியூட்டரில் பெட்டியைத் தொட்டாலே முன்னால் வந்த பத்துப் பேரின் ஈமெயில் வரிசையாக விழுகிறது. இது சரியா தம்பி?

சரியில்லை அண்ணே. ஆனால் அதற்குப் படிவத்தைக் குறை சொல்லமுடியாது. வீட்டில் தனியாக நிரப்புகிறவருக்கு அது தேவை. கடையில் பிரவுசரை கெஸ்ட் மோடில், அதாவது எதையும் சேமிக்காத விருந்தினர் முறையில் திறந்து வையுங்கள். ஒவ்வொருவர் போன பிறகும் மூடினால் எல்லாம் அழிந்துவிடும்.

அதே கடைக்காரர்: அதை விடுங்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஈமெயிலே இல்லை. கொழுந்து பறித்துவிட்டு நேரே வரும் அம்மாவிடம் ஈமெயில் கேட்டால் என்ன சொல்வார்? பெட்டியைக் காலியாக விட்டால் படிவம் போகாது. அதனால் கடை ஈமெயிலைப் போட்டு அனுப்புகிறேன். தப்பா?

உங்களைத் தப்புச் சொல்லமாட்டேன். ஆனால் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த அம்மாவின் அடையாள அட்டை இலக்கமும் உங்கள் ஈமெயிலும் ஒரே கணக்கில் ஏறுகின்றன. பாஸ்வேர்ட் மாற்றும் இணைப்பு உங்களுக்குத்தான் வரும். நாளைக்குக் கடையை வேறொருவர் எடுத்தால் அவருக்கு வரும். அடுத்த ஆளுக்கு அதே ஈமெயிலைப் போட்டால் ‘ஏற்கனவே பதிவாகியுள்ளது’ என்று நிற்கும்.

கடைக்காரர்: நிற்கிறதுதான். அதற்காக ஆளாளுக்குப் புது ஜிமெயில் திறந்தும் பார்த்தேன். கொஞ்சம் போனதும் ‘இந்த ஃபோன் நம்பரை அளவுக்கு மீறிப் பாவித்தாகிவிட்டது’ என்கிறது. பாஸ்வேர்டைத் துண்டில் எழுதிக் கொடுத்தால் மறு வாரம் துண்டைக் காணோம். நீங்கள் சும்மா ‘கட்டாயம்’ என்று ஒரு நட்சத்திரம் போட்டுவிடுகிறீர்கள், இங்கே மாரடிப்பது நாங்கள்.

மஸ்கெலியா, ஆசிரியை: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கட்டாயமாக இருந்தால்தானே சனம் ஈமெயில் பழகும்? ஓ.எல். பிள்ளைகளுக்கு நான் வகுப்பிலேயே திறந்து கொடுக்கிறேன்.

மிஸ், நீங்கள் செய்வது நல்ல வேலை. ஆனால் படிவம் வகுப்பறை இல்லை. அதற்கு வருகிறவர் ஒரு தேவையோடு வருகிறார். ஈமெயில் பழகாததற்குத் தண்டனையாக அவருடைய காரியத்தை நிறுத்தக்கூடாது.

கடைக்கார அண்ணன் சொல்வதைத்தான் நானும் வேலை தருகிறவர்களிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். லேபிள், நிறம், ஏரியா எல்லாம் ஒழுங்காக இருந்தும், ஈமெயில் இல்லாத ஆளை வாசலிலேயே மறித்தால் அந்தப் பெட்டி யாருக்கு? முதலில் கேட்கவேண்டியது: இந்த ஈமெயிலுக்கு நீங்கள் எதையாவது அனுப்பப் போகிறீர்களா? இல்லை என்றால் பெட்டியைத் தூக்கிவிடுங்கள். ஆம் என்றால், வேறு வழியிலும் அனுப்பமுடியுமா?

கடைக்காரர்: தபால் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தோட்டத்து லயன் வீடுகளுக்குத் தபால் வராது, தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். கைக்கு எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் தெரிவை அவரிடமே விடவேண்டும். ‘உங்களை எப்படித் தொடர்புகொள்வது?’ என்று ஒரு கேள்வி. கீழே எஸ்.எம்.எஸ்., ஈமெயில், தபால் என்று மூன்று ரேடியோ பட்டன். மூன்றையும் ஃபீல்ட்செட் என்ற ஒரே தொகுப்பில் அடைத்து, கேள்வியை அதன் தலைப்பான லெஜண்டில் எழுதுங்கள். ஈமெயிலைத் தெரிவு செய்தவருக்கு மட்டும் ஈமெயில் பெட்டி திறக்கட்டும், அவருக்கு மட்டும் அது கட்டாயம். மறைந்திருக்கும்போது, கட்டாயம் என்று குறிக்கும் ‘ரிக்வயர்ட்’ போட்டு வைக்காதீர்கள். போட்டால், நோவாலிடேட் இல்லாத படிவம் கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்காக நகராமல் நிற்கும், ஏன் நிற்கிறது என்று யாருக்கும் விளங்காது.

ஆசிரியை: ஃபோன் நம்பரும் மாறுமே? சிம்மை மாற்றுகிறார்கள், தொலைக்கிறார்கள்.

மாறும் மிஸ். மாறினால் திருத்த ஒரு வழி கொடுங்கள். இதிலே உங்களோடு கடைசி வரை உடன்படமாட்டேன், அடுத்த கேள்விக்குப் போகலாம்.

அப்புத்தளை: பிளேஸ்ஹோல்டரைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் லேபிள் இல்லாமல் சமாளிக்கலாமா?

முடியாது.

ஹட்டன்: ஜிமெயில் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, எடுத்துத் தரமுடியுமா?

கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போங்கள். இங்கே யாராவது தனியாக மெசேஜ் போட்டு எடுத்துத் தருகிறேன் என்றால் நம்பவேண்டாம்.

மாத்தளை: ஒரே லேபிளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் எழுதச் சொல்கிறார்கள். பரவாயில்லையா?

கண்ணால் பார்ப்பவருக்குப் பரவாயில்லை. ஸ்கிரீன் ரீடர் மூன்றையும் ஒரே குரலில் ஓட்டப் பார்க்கும். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறித்துவிட்டுத் தமிழில் எழுதினால், ஆங்கிலக் குரல் அதைக் குதறும் அல்லது வாயே திறக்காது. இலவசக் குரல் மென்பொருளான இஸ்பீக் என்ஜியில் தமிழும் சிங்களமும் இருக்கின்றன, ஆனால் எந்த எழுத்து எந்த மொழி என்று நீங்கள்தான் கோடில் ‘லேங்’ என்ற மொழிக் குறிப்பைப் போட்டுச் சொல்லவேண்டும். என்னைக் கேட்டால், மேலே மொழி மாற்றும் பட்டன் வைத்து, ஒரு தடவைக்கு ஒரு மொழி. வரி இடைவெளியையும் கூட்டுங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த உயரத்தில் நம் எழுத்தின் கொம்பும் சுழியும் வெட்டுப்படும்.

கம்பளை: ஈமெயில் சரியாகும் வரை ‘சமர்ப்பி’ பட்டனை முடக்கி வைக்கிறேன். நல்ல பழக்கம்தானே?

இல்லை. ஏன் முடங்கியிருக்கிறது என்று அது யாரிடமும் சொல்லாது. டேப் அடித்து வருகிறவர் அதைத் தாண்டியே போய்விடுவார். அழுத்த விடுங்கள். பிழை இருந்தால் கர்சரை நேரே அந்தப் பெட்டிக்குக் கொண்டுபோங்கள். எழுத்து எழுத்தாக அடிக்கும்போதே சிவப்புக் காட்டவும் வேண்டாம், பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகு சோதித்தால் போதும். ‘ஈமெயிலை மீண்டும் அடிக்கவும்’ என்று இரண்டாம் பெட்டி வைத்து அதில் பேஸ்ட்டையும் தடுக்கிறவர்களுக்கு என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

வெலிமடை: ஒரு வெப்சைட் கட்ட எவ்வளவு எடுப்பீர்கள்?

இது அதற்கான இடம் இல்லை சேர்.

பதுளை மாணவி மறுபடியும்: கட்டி முடித்ததை எப்படிச் சோதிப்பது, அண்ணா? கண் தெரியாதவர் யாரையும் எனக்குத் தெரியாது.

மவுஸைக் கழற்றிவிட்டு டேப் விசையால் மட்டும் நிரப்பிப் பார். கர்சர் எங்கே நிற்கிறது என்று கோடு தெரிகிறதா? பிரவுசரை 200 வீதத்துக்குப் பெரிதாக்கு. பிழைச் செய்தி பெட்டியை விட்டு எங்கேயோ ஓடுகிறதா பார். என்விடிஏ இலவசம், இறக்கிக்கொள். பெரும்பாலான ஆண்ட்ரொய்ட் ஃபோன்களில் டோக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் ஏற்கனவே இருக்கிறது. திரையை அணைத்து வைத்துவிட்டு, பிழையோடு ஒரு தடவை, பிழையில்லாமல் ஒரு தடவை அனுப்பு. ‘எடிட், பிளாங்க்’ என்று மட்டும் கேட்டால் உன் பெட்டிக்குப் பெயர் இல்லை என்று அர்த்தம். ஆனால் இதெல்லாம் நீ செய்யும் சோதனை. பரீட்சைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை தலவாக்கலை அண்ணன் கடைக்குப் போய், அவர் சம்மதித்தால் ஓரமாக உட்கார்ந்து ஆட்கள் நிரப்புவதைப் பார். நான் இங்கே சொல்லாமல் விட்டதெல்லாம் அங்கே தெரியும்.