எழுத்தாளர் ஆக ஆசைப்படும் குழந்தையை எப்படி ஊக்கப்படுத்துவது?

பதினொரு வயது மகள் நோட்டு நோட்டாகக் கதை எழுதுகிறாள், எழுத்தாளர் ஆவேன் என்கிறாள், நாங்கள் என்ன செய்ய வேண்டும், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன செய்யலாம் என்பதற்கு முன்னால் நான் என்ன செய்து கெடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன் நான், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறவன். டைரி, காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட நோட்ஸ் என்று இருபது வருஷம் ஓடிவிட்டது. பார்த்து முடித்த புரூஃப் தாள்களின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். அவற்றைக் கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவேன். என் மகள் எழுதப் பழகியதே அந்தத் தாள்களில்தான். முன்பக்கம் மேஷ ராசிக்கு என்ன பலன் என்றிருக்கும், பின்பக்கம் இவள் கதை.

ஒன்பது வயதில் மூன்று பக்கத்துக்கு ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு கருப்புக் கோழி வீட்டில் கோபித்துக்கொண்டு சாத்தூருக்கு பஸ் ஏறிப் போகிறது. நான் பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். ரகரம், றகரம், ஒற்றுப் பிழை எல்லாம் சேர்த்து 31 திருத்தம். 'கருப்பு' வந்த இடமெல்லாம் வட்டம் போட்டு 'கறுப்பு' என்று எழுதினேன். (அந்த ஒரு சொல்லில் பெரிய பெரிய ஆட்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.) அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "கோழி பஸ்ஸுல போறது நல்லாருக்காப்பா?" நான் சொன்னது: "மொதல்ல பிழையில்லாம எழுதிப் பழகு பாப்பா."

அதன் பிறகு ஏழெட்டு மாதம் ஒரு தாளைக்கூட எனக்குக் காட்டவில்லை. ஆசை விட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

விட்டுப்போகவில்லை. ஆளை மாற்றியிருந்தாள். ஒருநாள் உடம்பு சரியில்லாமல் வீட்டில் படுத்திருந்தபோது திண்ணையிலிருந்து அவள் வாசிக்கிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டிருந்தது என் அம்மா. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தீப்பெட்டி ஆபீஸிலேயே பாதி ஆயுசு போய்விட்டது. முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே "ம்... பெறகு?" என்று போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் "ஏத்தா, அந்தக் கோழி டிக்கெட் எடுத்துச்சா இல்லையா?" என்று ஒரு கேள்வி. மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள். மறுநாள் கதையில் கண்டக்டர் ஒருவர் வந்துவிட்டார், கோழியிடம் சில்லறை கேட்டார்.

அதைவிட எனக்கு உறைத்தது இன்னொன்று. வேறொரு கதையின் தாளில் ஒரு பத்தி முழுக்கப் பென்சிலால் அடித்திருந்தது. மலை, அருவி, பூஞ்சோலை என்று பள்ளிக்கூடக் கட்டுரை பாணியில் எழுதிய பத்தி. ஏன் அடித்தாய் என்று கேட்டேன். "அப்பத்தா அந்த எடத்துல தூங்கிருச்சுப்பா" என்றாள்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: எழுதுகிற பிள்ளைக்கு ஆசிரியரும் வேண்டாம், ரசிகர் மன்றமும் வேண்டாம். கதை கேட்கிற ஆள் ஒருவர் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் போனைத் தள்ளி வைத்துவிட்டு உட்காருங்கள். அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். "சூப்பர்டா தங்கம்" என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். அதுவும் என் சிவப்புப் பேனா மாதிரிதான், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கதைக்குள்ளிருந்து கேளுங்கள். அந்தப் பையன் ஏன் பொய் சொன்னான், அன்றைக்கு வீட்டில் வேறு யார் இருந்தார்கள், அப்புறம் என்ன ஆனது. உண்மையிலேயே புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லுங்கள். போர் அடித்தால் கொட்டாவியை மறைக்க வேண்டாம். பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்வார்கள்.

பிழையை விட்டுவிடுவதா என்றால், இல்லை. கதை வீட்டை விட்டு வெளியே போகும்போது திருத்தினால் போதும். பத்து வயதில் பத்திரிகைக்கு ஒரு கதை அனுப்ப ஆசைப்பட்டாள், அவளாகவே என்னிடம் வந்தாள். அப்போது புரூஃப் குறிகளைச் சொல்லிக்கொடுத்தேன்: எடுத்துவிடு, சேர், இடம் மாற்று. ரகசிய மொழி கிடைத்த மாதிரி சந்தோஷம். இப்போது என் மளிகை லிஸ்டைத் திருத்துகிறாள்.

பேச்சுத் தமிழ் விஷயத்தில் கொஞ்சம் கவனமாக இருங்கள், இதில்தான் நம் பிள்ளைகள் நிறைய மாட்டிக்கொள்கிறார்கள். என் மகள் முதலில் கதையில் வரும் அப்பத்தாவை "நீ கடைக்கு வருகிறாயா?" என்று பேசவைத்திருந்தாள். கேட்டுக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார்: "நான் என்னைக்குத்தா இப்பிடிப் பேசுனேன்?" அது "வாரியா?" என்று மாறியதும் அந்தக் கிழவிக்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் இதையே பள்ளிக் கட்டுரையில் எழுதினால் மதிப்பெண் போய்விடும். அங்கே குறிப்புச் சட்டகம், முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை. இரண்டும் வேறு வேறு விளையாட்டு என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு இப்போது இரண்டு நோட்டு, குழப்பமில்லை.

வாசிப்பைப் பொறுத்தவரை, நல்ல புத்தகம் என்று நீங்கள் நினைப்பதைத் திணிக்க வேண்டாம். கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வெளியே டீ குடியுங்கள், அவளே எடுக்கட்டும். என் மகளைப் பிடித்துக்கொண்டது காமிக்ஸ். முத்து காமிக்ஸ் 1972லும் லயன் காமிக்ஸ் 1984லும் எங்கள் ஊரிலிருந்து புறப்பட்டவைதான், நானே அதில் வளர்ந்தவன். அந்த வசனக் கூண்டுக்குள் நிறைய எழுத இடமிருக்காது. வசனத்தைச் சுருக்கமாக எழுத அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அனுப்பிப் பார்க்க இடங்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளி என்றால் பள்ளிக் கல்வித் துறையே 2022 முதல் 4, 5ஆம் வகுப்புகளுக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9 வரை 'தேன்சிட்டு' என்று இதழ் நடத்துகிறது, மாணவர்கள் எழுதுவதையும் போடுகிறார்கள். அறிவியலில் ஆர்வம் இருந்தால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இருக்கிறது. பெயர், வகுப்பு, பள்ளி எழுதி, ஒரு பிரதி வீட்டில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். பதில் வராமலும் போகும். எங்களுக்கு முதல் மூன்றுக்கும் வரவில்லை. மூன்றாவது தடவை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை, பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன், இந்த வயதில் காசு கொடுத்துப் புத்தகம் போடாதீர்கள். போன வருஷம் எனக்கும் ஒரு போன் வந்தது. 15,000 ரூபாய் கட்டினால் ஐம்பது பிரதி, 'இளம் எழுத்தாளர்' சான்றிதழ், மேடையில் பொன்னாடை. அச்சுக் கணக்கு தெரிந்தவன் என்பதால் அதில் எவ்வளவு தாளுக்கு, எவ்வளவு பொன்னாடைக்கு என்று மனதுக்குள் ஓடியது. பணம்கூடப் பெரிதில்லை. எழுதி முடித்ததுமே கைதட்டல் வாங்கிய பிள்ளை அதே கதையைத் திரும்ப உட்கார்ந்து மாற்றி எழுதுமா? அச்சில் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டால் வீட்டிலேயே செய்யலாம். ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம், எங்கள் பாஷையில் ஒரு ஃபாரம். நடுவில் பின் அடித்து, ஓரம் வெட்டினால் புத்தகம். எங்கள் வீட்டில் இதுவரை ஆறு தலைப்பு வெளிவந்திருக்கிறது. விலை இரண்டு ரூபாய், அப்பத்தாவுக்கு மட்டும் இலவசம்.

சோறு போடுமா? எழுத்து மட்டும் என்றால் தமிழில் பெரும்பாலும் போடாது, இதைப் பிள்ளையிடம் மறைக்கவும் வேண்டாம். ராயல்டி, அதாவது புத்தக விலையில் எழுதியவருக்கு வரும் பங்கு, வழக்கமாகப் பேசுவது 10 சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் 10,000 ரூபாய், அதுவும் விற்று முடிகிறபோது. ஆனால் அதற்காக யாரும் எழுதாமல் இருந்துவிடவில்லை. எங்களுக்குத் தெற்கே கோவில்பட்டிப் பக்கம் பாருங்கள். இடைசெவல் என்ற ஒரே சின்ன ஊரில், 1923 என்ற ஒரே வருஷத்தில் பிறந்த இரண்டு சிநேகிதர்கள், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். இரண்டு பேருக்கும் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அவர்களில் கி.ரா. பள்ளிப் படிப்பையே முடிக்காத சம்சாரி (எங்கள் பக்கத்தில் விவசாயியை அப்படித்தான் சொல்வோம்), பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கப் போனார். அதே வட்டாரத்துப் பூமணி கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தவர், சோ. தர்மன் பஞ்சாலையில். அவர்களுக்கும் அதே விருது, 2014லும் 2019லும். இதை மகளிடம் சொன்னபோது "அப்ப நான் பஸ் கண்டக்டர் ஆகிட்டு எழுதவாப்பா?" என்று கேட்டாள். கோழிக் கதையின் பாதிப்பு. தாராளமாக எழுது என்றேன். இந்த மாதம் கால்நடை டாக்டர். அடுத்த மாதம் தெரியாது.

இப்போது அவளுக்குப் பதின்மூன்று. ஏதோ பெரிதாக எழுதிக்கொண்டிருக்கிறாள், நாற்பது தாளுக்கு மேல் போய்விட்டது. சிவப்புப் பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டே தூங்குகிற ஓர் ஆள் அதில் வருகிறாராம். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டார், நான் அச்சகம் விட்டு வந்ததும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார். எனக்கு இன்னும் காட்டவில்லை.