எஃப்ஐஆர் இல்லாமல் தம்பியை இரவு முழுக்க ஸ்டேஷனில் வைத்தது செல்லுமா?

வைக்கலாம், ஆனால் 24 மணி நேரத்துக்குள் விட்டாக வேண்டும், இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். அதுவும் போலீஸ் சொன்னது சட்டப்படியான உத்தரவாக இருந்தால்தான்.

டீக்கடை வாசலில் கலைந்து போகச் சொன்னார்கள், தம்பி "ஏன் சார்?" என்றார், காலையில்தான் விட்டார்கள் என்கிறீர்கள். அநேகமாக, சிஆர்பிசிக்குப் பதிலாக வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 172-ஆம் பிரிவாக இருக்கும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. பழைய சிஆர்பிசியில் இப்படி ஒன்று கிடையாது. உத்தரவை மறுத்தாலோ அலட்சியம் செய்தாலோ பிடித்து வைக்கலாம், சின்ன விஷயமென்றால் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகாமலே விட்டுவிடலாம். அதாவது, நடந்தது சரியா என்று கேட்க ஆளே இல்லாமல் போகிறது. எனக்கு இதுதான் உறுத்துகிறது. குற்றத்தைத் தடுக்கும் கடமைக்காகத் தரும் உத்தரவுக்குத்தான் இந்தப் பிரிவு. காரணம் கேட்பது மறுப்பு ஆகாது.

முதலில் பார்க்க வேண்டியது:

1. ஸ்டேஷனில் அன்றாடம் நடப்பதை எழுதிவைக்கும் பொது நாட்குறிப்பில், அன்றைய தேதியில் தம்பி பெயரும் நேரமும் பதிவாகியிருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

2. ஸ்டேஷன் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எஸ்பி அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும் என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒன்று மட்டும் கவனம்: தள்ளுமுள்ளு ஏதாவது நடந்திருந்தால் கதையே வேறு, பின்னால்கூட வழக்கு வரலாம். அப்படியென்றால் புகார் எழுதும் முன் வக்கீலிடம் பேசுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100.