முழக்கமே இல்லாத 'எ சேஞ்ச் இஸ் கான கம்' எப்படி எதிர்ப்புப் பாடல் ஆகிறது?

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் சாம் குக்கின் இந்தப் பாடலில் ('ஒரு மாற்றம் வரப்போகிறது' என்பது தலைப்பின் பொருள்) அரசையோ சட்டத்தையோ சாடும் வரி ஒன்றுகூட இல்லையே, பிறகு ஏன் அதை எதிர்ப்புப் பாடல் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணிப்பில் அந்த எதிர்ப்பு மூன்றாவது சரணத்தில்தான் மிகத் தெளிவாக இருக்கிறது. வானொலிக்கென வெளியான இசைத்தட்டிலிருந்து வெட்டப்பட்டதும் அந்தச் சரணமே என்பதால், நீங்கள் கேட்டது எந்தப் பதிவு என்பதும் இங்கே முக்கியமாகிறது.

1963 அக்டோபர் 8 அன்று லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில், முன்கூட்டியே அறை பதிவு செய்திருந்த ஹாலிடே இன் விடுதிக்கு மனைவியுடனும் குழுவினருடனும் வந்த குக்குக்கு, இடமில்லை என்று பதில் கிடைத்தது. நாடறிந்த பாடகரான அவர் அங்கேயே நின்று வாதாடினார். பிறகு கார் ஹாரனை விடாமல் ஒலித்தபடி கிளம்பினார்கள். கறுப்பினத்தவர் தங்கும் வேறொரு விடுதியை அடைந்தபோது, பொது அமைதியைக் குலைத்ததாகச் சொல்லிக் காவல் துறையினர் அவர்களைக் கைது செய்தார்கள். இதற்கு முன்பே, 1961இல், மெம்பிஸ் நகரில் இனவாரியாகப் பிரித்து உட்கார வைக்கப்பட்ட கூட்டத்தின் முன் பாட மறுத்தவர் அவர். ஆனால் அந்த மறுப்பு அதுவரை அவருடைய பாடல்களுக்குள் நுழைந்ததில்லை. அவை பெரும்பாலும் காதலையும் நடனத்தையும் பற்றியவை. பாப் டிலன் என்ற வெள்ளை இளைஞர் இனப்பாகுபாட்டைத் தொட்டுக் கேள்விகளாகவே ஒரு பாட்டை எழுதிவிட்டார், தான் எழுதவில்லையே என்ற உறுத்தலும் அவரை அப்போது அரித்துக்கொண்டிருந்தது.

1964 ஜனவரி 30 அன்று ஹாலிவுட்டில் ரெனே ஹாலின் வாத்திய ஒழுங்கமைப்பில் பாடல் பதிவானது. தந்தி வாத்தியங்களும் பிரெஞ்சு ஹார்னும் டிம்பனி முரசும் சேர்ந்த கனத்த இசை அது. முதல் சரணம் ஆற்றங்கரைக் கூடாரத்தில் பிறந்தவனின் ஓயாத ஓட்டத்தைச் சொல்கிறது. இரண்டாவதில், வாழ்வது கடினமாக இருந்தும் சாக அஞ்சுவதாகவும், வானுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை என்றும் அவர் பாடுகிறார். போதகரின் மகனாகப் பிறந்து, 'சோல் ஸ்டிரரர்ஸ்' குழுவில் பல ஆண்டுகள் பக்திப் பாடல்கள் பாடிப் பெயரெடுத்தவர் இப்படிப் பாடியது சாதாரணமான செய்தி அல்ல. துன்பப்படுகிறவர்களுக்கு மறுமையைக் காட்டி ஆறுதல் சொல்லும் மரபிலிருந்து வந்தவர், அந்த ஆறுதலையே இங்கே கைவிடுகிறார். அப்படியானால் மாற்றம் இந்த மண்ணில்தான் வந்தாக வேண்டும்.

மூன்றாவது சரணத்தில் அவர் திரைப்படத்துக்குப் போகிறார், நகரின் கடைவீதிக்குப் போகிறார். இங்கே நிற்காதே என்று யாரோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தென் மாநிலங்களின் பல திரையரங்குகளில் கறுப்பினத்தவருக்குத் தனி வாசலும் மேல்மாடமும்தான் என்றிருந்த காலம் அது. 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் கடைவீதி உணவுமேசை ஒன்றில் உட்கார்ந்து எழ மறுத்ததும் இதே விரட்டலை எதிர்த்துத்தான். எனவே அன்றைய கேட்பவர்களுக்கு அந்த வரிகளுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. இந்தச் சரணத்தை எடுத்துவிட்டால், பாடல் எந்த நாட்டிலும் எந்தத் துயரத்துக்கும் பொருந்தும் பொதுவான வேண்டுதலாக ஆகிவிடுகிறது. இருக்கும்போது, அது ஓர் அநீதியைச் சுட்டிக்காட்டும் சாட்சியம்.

அடுத்து வரும் பகுதியில் முரசு ஓங்கி ஒலிக்க, உதவி கேட்டுச் சகோதரனிடம் போனவன் மீண்டும் முழங்காலில் தள்ளப்படுகிறான். அந்தச் சகோதரன் வெள்ளையனா, தன் இனத்தவனா என்று பாடல் சொல்வதில்லை. தேவாலயத்தில் ஒருவரையொருவர் சகோதரர் என்று அழைக்கும் சமூகத்தில் வளர்ந்தவர் அந்தச் சொல்லை எண்ணாமல் எழுதியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். எனக்குப் பாடலிலேயே மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

1964 ஜூலையில் சமூக உரிமைகள் சட்டம் நிறைவேறி, விடுதிகளிலும் திரையரங்குகளிலும் இனப்பாகுபாடு தடை செய்யப்பட்டது. டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சலஸில் குக் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 33. அடுத்த சில நாட்களில், 'ஷேக்' என்ற நடனப் பாடலின் மறுபக்கமாக, மூன்றாவது சரணம் நீக்கப்பட்ட வடிவில் இந்தப் பாடல் தனித்தட்டாக வந்தது. அந்த வடிவமே வானொலி வழியாகப் பலரின் காதுகளுக்குப் போனது.

ஆகவே 1964 மார்ச்சில் வந்த 'எய்ன்ட் தட் குட் நியூஸ்' தொகுப்பில் உள்ள முழுப் பதிவைக் கேளுங்கள். உங்களிடம் இருப்பது மூன்று நிமிடங்களை எட்டாமலே முடிந்தால், அது பெரும்பாலும் வெட்டப்பட்ட வடிவமாகத்தான் இருக்கும்.